மகள்களுக்கு உறுப்புரிமை: பினாங்கின் சீனக் குலச் சங்கம் ஒன்றில் ஒரு விதித்திருத்தம் பட்ட பாடு

பின்னணி

மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகரான ஜார்ஜ்டவுனின் பழைய நகரப் பகுதியில், ஒரே குடும்பப் பெயரைக் கொண்ட ஹொக்கியன் சீனர்களின் குலச் சங்கம் ஒன்றில் நான் இரண்டு தவணைக் காலம் செயலாளராக இருந்தேன். என் தந்தை அந்தக் குடும்பப் பெயரினர், தாய் தமிழர். குடும்பப் பெயர் தந்தை வழியில் வருவது என்பதால் என்னைச் சேர்த்துக்கொள்வதில் யாருக்கும் தடை இருக்கவில்லை. சீனத் தொடக்கப் பள்ளியில் படித்தவன் என்பதால், மாண்டரினில் கூட்டக் குறிப்பு எழுத ஆள் கிடைக்காமல் தவித்த செயலவை என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டது என்பதே உண்மை.

இத்தகைய சங்கத்தைத் தமிழ் வாசகர் புரிந்துகொள்ளக் குலதெய்வக் கோயிலின் பங்காளிகளையும் தலைக்கட்டு வரியையும் நினைத்துக்கொண்டாலே போதும். முன்னோரின் பெயர்ப்பலகைகளை வரிசையாக நிறுத்திய ஒரு வழிபாட்டுக் கூடம், வாடகைக்கு விட்ட சில கடைவீடுகள், ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங்மிங் நாளன்று கல்லறைகளைத் துப்புரவு செய்து படையல் வைக்கும் வழக்கம், உறுப்பினர் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கல்வி ஊக்கத்தொகை ஆகியவையே எங்கள் சங்கத்தின் உடைமைகளும் வேலைகளும். உறுப்பினராக வரி கட்டுபவர் ஆண் மட்டுமே என்பதிலும் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

இதன் சட்டப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1867-இல் பினாங்கில் இரகசியச் சங்கங்களுக்கிடையே பெருங்கலவரம் மூண்டபின் ஆங்கில அரசு சங்கங்களைப் பதிவு செய்ய வைத்தது; 1890-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இரகசியச் சங்கங்களை அறவே தடை செய்தது. இன்று 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் சங்கப் பதிவிலாகாவிடம் ஆண்டுக் கணக்கும் பொறுப்பாளர் பட்டியலும் கொடுக்க வேண்டும். விதி எதையும் திருத்தினால், பதிவாளர் ஒப்புதல் தரும்வரை அத்திருத்தத்துக்கு உயிர் கிடையாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் செயலாளரான நாளிலேயே அறிவேன். அறிந்திருந்தும் என்ன செய்தேன் என்பது பின்னால் வருகிறது.

கண்டவை

முதல் ஆண்டு மார்ச்சில் பொறுப்பேற்றேன். அடுத்த மாதமே சிங்மிங். பத்து காந்தோங் என்னும் இடத்துக் கல்லறைக் குன்றுச்சரிவில் காலை ஆறரைக்கெல்லாம் நின்றவர்களை எண்ணிப் பார்த்தேன். புல் வெட்டிய ஆண்கள் பன்னிரண்டு பேர். படையலுக்குரிய கோழி, மீன், பன்றி இறைச்சி, பழம் ஆகியவற்றைச் சுமந்து ஏற்றியும் அடுக்கியும் திரும்ப இறக்கியும் தட்டுகளைக் கழுவியும் வேலை செய்த பெண்கள் இருபதுக்கு மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தக் குடும்பப் பெயரிலேயே பிறந்த மகள்கள். எவரும் உறுப்பினர் இல்லை.

ஆகஸ்டில் உறுப்பினர் பேரேட்டைச் சரிபார்த்தேன். அதில் 286 பெயர்கள் இருந்தன. எல்லோருக்கும் கடிதம் அனுப்பியதில் 71 கடிதங்கள் திரும்பி வந்தன. இன்னும் 50க்கு மேற்பட்டோர் இறந்துவிட்டதைக் குடும்பத்தார் சொல்லித் தெரிந்துகொண்டேன். உயிரோடிருப்பவர் என உறுதியானவர்களில் நாற்பது வயதுக்குக் கீழ் ஒன்பது பேரே இருந்தனர்.

நவம்பரில் ஊக்கத்தொகை விழா நடந்தது. பெயர் கூப்பிட்டவுடன் ஒரு மாணவி மேடையேறி, தலைவர் நீட்டிய சிவப்பு உறையை இரு கைகளாலும் வாங்கி வணங்கிவிட்டு, கீழே இறங்கியதும் நேராக என் மேசைக்கு வந்து உறுப்பினர் படிவம் கேட்டார். படிவத்தை எடுத்துக் கொடுத்த பிறகே அதன் மூன்றாவது வரி என் நினைவுக்கு வந்தது. அவர் அதைப் படித்தார், மடிக்காமல் மேசைமீது வைத்தார், நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆண்டு ஊக்கத்தொகை பெற்ற 14 பேரில் 9 பேர் பெண்கள். பதினெட்டு வயதுவரை பணம் கொடுத்துப் பாராட்டிவிட்டு, அதன்பின் உனக்கு இங்கே இடமில்லை என்று ஆண்டுதோறும் நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம்.

வரைவும் வாதங்களும்

இரண்டாம் ஆண்டு ஜனவரியில் செயலவை ஐந்து பேர் கொண்ட துணைக்குழுவை அமைத்தது. முதல் கூட்டத்திலேயே, திருத்தம் நிறைவேறினால் என் உடன்பிறந்த சகோதரி பயனடைவார் என்பதைச் சொல்லிக் குறிப்பில் பதிவு செய்தேன். வரைவை நான் எழுதுவது, செயலவையில் அதன்மீது வாக்களிக்காமல் இருப்பது என முடிவாயிற்று. அந்தப் பதிவு பின்னர் ஒரு நெருக்கடியில் உதவியது.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் ஆயின. அதைப் பழைமைவாதம் என்று நான் முதலில் எடுத்துக்கொண்டேன்; பெருமளவு அது சொத்து பற்றிய அச்சம். பினாங்கில் பழைய கடைவீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் சங்கத்துக்கு வந்த வாடகை கூடத்தின் விளக்கெண்ணெய்க்கே சரியாகப் போயிற்று என்பார்கள். அந்தச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, 1999 இறுதியுடன் குடியிருப்போருக்கான அவகாசமும் முடிந்தது. 2008-இல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுன் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றபின், அதே கடைவீடுகளைக் கேட்டு உணவகக்காரர்களும் விடுதிக்காரர்களும் வந்தார்கள். எதுவும் கிடைக்காத காலத்தில் யார் உறுப்பினர் என்பதைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. கடைவீடுகள் விலைபோகத் தொடங்கியபின், திருமணமாகி வேறு குடும்பப் பெயருக்குப் போன மகளின் கணவரும் பிள்ளைகளும் அவர் வழியாக உள்ளே வந்துவிடுவார்களோ என்று பொருளாளர் கேட்டதில் நியாயம் இருந்தது.

ஆகவே மூன்று கேள்விகளைப் பிரித்தோம். உறுப்புரிமை ஒன்று, முன்னோர் பெயர்ப்பலகை யாருக்கு என்பது இன்னொன்று, வேறு குடும்பப் பெயர் கொண்ட வாரிசுகள் என்பது மூன்றாவது. முதலாவதை மட்டும் இப்போது தொடுவது என்றும், குடும்பப் பெயரில் பிறந்த மகள் தன் உரிமையில் உறுப்பினர் ஆகலாம், அவ்வுரிமை கணவருக்கோ பிள்ளைகளுக்கோ செல்லாது, புதிய உறுப்பினர் எவராயினும் ஆணோ பெண்ணோ ஓராண்டு கழிந்தபின்னரே வாக்களிக்கலாம் என்றும் வரைவு எழுதினேன். வாக்குரிமையற்ற மகளிர் பிரிவு ஒன்றைத் தொடங்கினாலே போதாதா என்று இருவர் கேட்டனர். தட்டுக் கழுவுவதற்கு ஒரு பிரிவு ஏற்கெனவே இருக்கிறது, அதற்குப் பெயர் வைப்பதால் எதுவும் மாறாது என்று கல்விக்குழுத் தலைவர் சொன்னதும் அந்தப் பேச்சு அடங்கியது.

இந்த வரைவின்படி, சிங்மிங்குக்கு முப்பது ஆண்டுகளாக வந்து உழைக்கும் என் தாய் உறுப்பினர் ஆக முடியாது, ஏனென்றால் அவர் மருமகள். மருமகள்களையும் சேர்த்தால் திருத்தமே தோற்கும் என்று கணக்கிட்டு விட்டுவிட்டோம். அம்மாவிடம் சொன்னபோது, "தட்டுக் கழுவ எனக்கு அட்டை வேணுமாய்யா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்தக் கணக்கு சரியானதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அதைப் பற்றிய நிம்மதி மட்டும் எனக்கு வரவில்லை.

செயலவையின் மூத்த உறுப்பினர் ஒருவர், எண்பதைக் கடந்தவர், முன்னோரைக் கேட்காமல் இதைப் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுபோகக்கூடாது என்றார். இளையவர்கள் சிலர் முகம் சுளித்தனர். தலைவர் அனுமதித்தார், ஆனால் அது செயலவையின் தீர்மானமாகப் பதிவாகாது என்பதையும் தெளிவாக்கினார். பெரியவர் பீடத்தின் முன் ஊதுவத்தி ஏற்றி, பிறை வடிவிலான இரண்டு சிவப்பு மரக்கட்டைகளை உள்ளங்கைகளில் சேர்த்து ஏந்தித் தரையில் விழவிட்டார். இரண்டின் தட்டையான பக்கமும் மேலே தெரிந்தால் முன்னோர் சிரிக்கிறார்கள் என்று பொருள். ஒன்று தட்டையாகவும் ஒன்று குவிந்தும் விழுந்தால் சம்மதம். முதல் முறை சிரித்தார்கள். அடுத்த மூன்று முறையும் சம்மதம் விழுந்தது. ஆயினும் அவர் பொதுக்கூட்டத்தில் எதிராகவே வாக்களித்தார். ஏன் என்று கேட்டதற்கு, உறுப்பினர்களிடம் கேள்வியை வைக்கலாமா என்றுதான் தாம் கேட்டதாகவும், என்ன பதில் சொல்வது என்று கேட்கவில்லை என்றும் விளக்கினார். சட்ட நுணுக்கத்தில் எங்கள் செயலவையில் அவரை விஞ்ச ஆளில்லை என்பது என் எண்ணம்.

மார்ச், ஏப்ரல் கூட்டங்கள்

எங்கள் விதிப்படி பொதுக்கூட்டத்தின் குறைந்தபட்ச வருகை, உறுப்பினர்களில் பாதி அல்லது செயலவை எண்ணிக்கையின் இரு மடங்கு, இவற்றில் எது குறைவோ அது. செயலவையில் 15 பேர் என்பதால் 30 பேர் வர வேண்டும். மார்ச் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 24 பேர் வந்தனர். அரை மணி நேரம் காத்திருந்து, கூட்டத்தை ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தோம். ஏப்ரலில் 21 பேரே வந்தனர். தள்ளிவைத்த கூட்டத்தில் வந்தவர்களை வைத்து நடத்தலாம் என்று எங்கள் சீன மொழிக் கையேடு சொன்னது. நடத்தினோம். கணக்கறிக்கை ஏற்கப்பட்டது, திருத்தம் 17க்கு 4 என்று நிறைவேறியது. பெரியவர் எதிராக வாக்களித்தது இந்தக் கூட்டத்தில்தான்.

மே மாதம் விண்ணப்பத்தை மலாய் மொழியில் அனுப்பினேன். அதே மாதம் 11 பெண்கள் படிவம் கொடுத்து, தலைக்கு 34 ரிங்கிட் சேர்க்கைக் கட்டணமும் சந்தாவும் கட்டினர். ஒப்புதல் வரும்வரை பணத்தை வாங்கக்கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள், நானும் இருந்தேன். 374 ரிங்கிட்டுக்கு, 'உறுப்பினர் சந்தா' என்று என் கையாலேயே 11 ரசீதுகள் எழுதினேன். அவர்களில் மூவரைச் செயலவை கல்விக்குழுவிலும் சேர்த்துக்கொண்டது.

திரும்பி வந்த விண்ணப்பம்

ஜூலையில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு வந்தது. காரணம் ஒரே வரியில் இருந்தது: தள்ளிவைக்கப்பட்ட கூட்டத்துக்கும் குறைந்தபட்ச வருகை இல்லையெனில், வந்தவர்கள் அன்றைய அலுவல்களை நடத்தலாம், விதிகளைத் திருத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பதிவிலாகாவின் மாதிரி விதிகளில் உள்ள வழக்கமான வாசகம் இது. எங்கள் விதிகளிலும் இருந்தது, ஆனால் பதிவு செய்யப்பட்ட மலாய் வடிவத்தில் மட்டும். எல்லோரும் கையில் வைத்திருந்த சீனக் கையேடு அதற்கு முந்தைய விதிகளிலிருந்து அச்சானது. பிற்பாடு மலாய் வடிவத்தில் சேர்ந்த இந்த வரியை எவரும் சீனத்தில் சேர்க்கவில்லை.

எங்கள் சங்கத்தில் மூன்று மொழிகள் புழங்கின. பேச்சு ஹொக்கியனில் நடக்கும். குறிப்பு மாண்டரினில் எழுதப்படும். சட்டம் மலாயில் இருக்கும். பேசுகிறவர் பலருக்குக் குறிப்பைப் படிக்கத் தெரியாது, ஏனெனில் பினாங்கில் அந்தத் தலைமுறையினர் பலர் ஆங்கிலப் பள்ளிகளில் படித்தவர்கள். குறிப்பைப் படிப்பவர்கள் சட்ட வடிவத்தைப் புரட்டியதில்லை. மூன்றையும் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. ஆகவே பிழை என்னுடையது என்று ஆகஸ்டு கூட்டத்தில் சொன்னேன்.

அக்கூட்டத்தில் மூன்று வழிகள் பேசப்பட்டன. வர முடியாத உறுப்பினர்கள் எப்படியும் சம்மதிப்பார்கள், வீடு வீடாகப் போய் ஏப்ரல் கூட்ட வருகைப் பட்டியலில் ஒன்பது கையெழுத்து வாங்கிவிட்டால் முப்பது ஆகிவிடும் என்று ஒருவர் சொன்னார். நல்லெண்ணத்தில் சொன்னவர்தான், திருத்தத்துக்கு மிகவும் ஆதரவானவர். நடக்காத வருகையைக் குறிப்பில் எழுத மாட்டேன் என்றேன். சகோதரிக்காக நான் அவசரப்படுவதாக முன்பு முணுமுணுத்தவர்களே இப்போது என் பக்கம் நின்றதற்கு, ஜனவரியில் பதிவு செய்த அந்த அறிவிப்பு ஒரு காரணம். இரண்டாவது வழி, அடுத்த மார்ச்வரை காத்திருப்பது. அதற்குள் 11 பேரின் ரசீதுகள் என்ன பொருள் தரும் என்ற கேள்விக்கு விடை இல்லை. மூன்றாவது வழியான சிறப்புப் பொதுக்கூட்டத்தைத் தேர்ந்தோம்.

பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா, முன்பணமாக வைத்திருப்பதா என்பதில் ஒரு மணி நேரம் போயிற்று. வைத்திருந்தால் அவர்கள் உறுப்பினர்கள் என்று பிற்பாடு யாரும் வாதிடலாம் என்பதால் திருப்பிக் கொடுக்க முடிவாயிற்று. பதினொரு வீடுகளுக்கும் தலைவரும் நானும் நேரில் போனோம். கடிதம் அனுப்பியிருந்தால் அவமதிப்பாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். நேரில் போனதால் மட்டும் அது அவமதிப்பாக இல்லாமல் போய்விடவில்லை. ஊக்கத்தொகைக்குக் கல்விக்குழுவில் இருந்த அந்த மூன்று பெண்களும் சேர்ந்து தேர்ந்தெடுத்த ஆறு மாணவர்களின் பெயர்களைச் செயலவை மீண்டும் ஒருமுறை ஆராய்ந்து உறுதி செய்தது. பெயர் எதுவும் மாறவில்லை.

டிசம்பர் கூட்டம்

முப்பது பேரை எப்படி வரவழைப்பது என்பதற்கு விடை நாட்காட்டியிலேயே இருந்தது. டிசம்பர் 21 அல்லது 22-இல் வரும் குளிர்காலச் சங்கிராந்திப் படையலுக்கு ஆண்டுதோறும் அறுபது பேருக்குக் குறையாமல் வருவார்கள். கூட்டத்தை அன்றே வைத்தோம்; அதுவும் படையலுக்குப் பின், மதிய உணவுக்கு முன். உணவுக்குப் பின் என்று வைத்தால் யாரும் மிஞ்ச மாட்டார்கள் என்பதில் செயலவைக்கு ஒருமித்த கருத்து இருந்தது. அழைப்பை மூன்று மொழிகளில் அச்சிட்டோம். அதைவிடப் பயன்பட்டது, செயலவையினர் ஆளுக்குப் பத்துப் பெயர்களைப் பிரித்துக்கொண்டு ஹொக்கியனில் தொலைபேசியில் பேசியது. திருத்தத்தால் எதுவெல்லாம் மாறாது என்பதைக் கேட்டறிந்தபின் பலரின் எதிர்ப்பு தணிந்தது.

அன்று வாக்குரிமையுள்ள 47 பேர் கையெழுத்திட்டனர். எண்ணிக்கை முப்பதைத் தாண்டியதைத் தலைவர் இரண்டு முறை உரக்கப் படித்தார். மலாய் வடிவத்தைத் திரையில் காட்டி, வரிவரியாக ஹொக்கியனில் விளக்கிய பிறகே வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 39, எதிர்ப்பு 6, நடுநிலை 2. பின்கட்டில் பசையரிசி உருண்டைகளைச் சர்க்கரைப் பாகில் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்த பெண்கள், கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்ட பிறகே கிண்ணங்களை எடுத்து வந்தார்கள். முடிவை யாரும் அறிவிக்கப் போகவில்லை. முகங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டனர்.

பின்விளைவு

ஒப்புதல் மூன்றாம் ஆண்டு மே மாதம் வந்தது. இம்முறை அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு படிவத்தையும் வாங்கவில்லை. முன்பு பணம் கட்டிய 11 பேரில் 9 பேர் மீண்டும் சேர்ந்தனர். என் சகோதரியும் அவர்களில் ஒருவர். மற்ற இருவரில் ஒருவர் வேலைக்காகச் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். இன்னொருவர், தம்மை ஒருமுறை சேர்த்து ஒருமுறை நீக்கியாயிற்று, அதுவே போதும் என்றார். அவர் வீட்டுக்கு நான் இருமுறை போனேன். தேநீர் கொடுத்தார், மனம் மாறவில்லை. ஊக்கத்தொகை விழாவில் படிவத்தை மேசைமீது வைத்துவிட்டுப் போன மாணவியும் வரவில்லை. அவருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை என்பதை ஓராண்டு கழித்தே உணர்ந்தேன்.

எதிராக வாக்களித்தவர்களில் ஒருவர் செயலவையிலிருந்து விலகினார். சிங்மிங்குக்கு மட்டும் வழக்கம்போல் வருகிறார். ஓராண்டு விதி காரணமாகப் பெண்கள் முதன்முதலில் செயலவைத் தேர்தலில் வாக்களித்தது ஐந்தாம் ஆண்டு மார்ச்சில்தான். அதில் ஒருவர் துணைப் பொருளாளராகத் தேர்வானார். பொருளாளர் அஞ்சியது நடக்கவில்லை. கடைவீடுகளைப் பற்றிப் புதியவர்கள் கேட்ட ஒரே கேள்வி, மூன்றாவது வீட்டின் கூரை ஏன் இன்னும் ஒழுகுகிறது என்பது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மீண்டும் ஒருமுறை இப்பொறுப்பை ஏற்றால், முதல் வாரத்திலேயே பதிவு செய்யப்பட்ட விதிகளின் படியைப் பதிவிலாகாவிலிருந்து பெற்று, சங்கத்தில் புழங்கும் எல்லா மொழிக் கையேடுகளோடும் வரிவரியாக ஒப்பிடுவேன். உறுப்பினர் பேரேட்டைச் சரிபார்க்க நான் செலவிட்ட ஒரு மாதத்தில் இரண்டு மாலைகள் அதற்குப் போதுமாக இருந்திருக்கும். முக்கியமான தீர்மானம் எதையும் மார்ச் பொதுக்கூட்டத்தில் வைக்காமல், உறுப்பினர்கள் தாமாகவே வரும் படையல் நாளில் வைப்பேன். ஒப்புதல் வராத உரிமைக்குப் பணம் வாங்க மாட்டேன்; ஆர்வமுள்ளோரின் பெயரை மட்டும் குறித்துக்கொள்வேன், அந்தப் பட்டியலில் ஊக்கத்தொகை பெற்ற மாணவிகளின் பெயர்களும் இருக்கும். துணைக்குழுவில் பெண் ஒருவரைக்கூட நாங்கள் வைக்கவில்லை. உறுப்பினர் அல்லாதவரையும் கருத்துச் சொல்ல அழைக்க விதியில் இடமிருந்தும் செய்யவில்லை. மருமகள்கள் பற்றிய கேள்வியை இப்போதைய செயலவை இன்னும் எடுக்கவில்லை.

புதிய கையேடு சென்ற ஆண்டு அச்சாயிற்று. இடப்பக்கம் மலாய், வலப்பக்கம் சீனம், ஒவ்வொரு விதியும் எதிரெதிரே இருக்கிறது. பழைய கையேட்டில் எஞ்சியிருந்த நாற்பது சொச்சம் படிகளின் அட்டையில் 'செல்லாது' என்று முத்திரை குத்தி அலமாரியில் பூட்டினோம். ஒரு படியை மட்டும் முத்திரை குத்தாமல் எடுத்து வைத்திருக்கிறோம். அந்தக் காலத்தில் அதைத் தம் செலவில் அச்சிட்டுக் கொடுத்தது, கட்டைகளை விழவிட்டுக் கேட்ட பெரியவரின் தந்தை. அப்படி ஒரு படியை வைத்திருக்கும்படி பெரியவர் கேட்டுக்கொண்டார்.